கொம்பு முன்னால்... சத்தம் பின்னால்!

போன புதன்கிழமை. அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வருகிற பஸ். மூன்று பேர் உட்காரும் சீட்டின் ஓரத்தில் நான். நடுவில் ஓர் அம்மா. ஜன்னலோரம் அவருடைய மகள். எட்டு வயசு இருக்கும். ரெட்டைச் சடை, யூனிஃபார்ம், மடியில் புத்தகப் பை.

பஸ் மெதுவாகப் போகிற இடத்திலெல்லாம் அந்த அம்மா வெளியே கை காட்டுகிறார்.

“அந்த போர்டுல இன்னா எழுதியிருக்குது? படி.”

“மெடிக்கல்.”

“அது?”

“டீக்கடை.”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்தக் குழந்தை போர்டைப் படிக்கவே இல்லை. பாய்லர் தெரிந்தால் டீக்கடை. மாத்திரை அட்டை தொங்கினால் மெடிக்கல். கண்ணால் கடையைப் பார்த்து, வாயால் போர்டைச் சொல்கிறது!

அடுத்து ஒரு மூடிய ஷட்டர் வந்தது. மேலே பெரிய போர்டு. படம் எதுவும் கிடையாது.

“படிடி.”

குழந்தை ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. குழந்தை அழவில்லை. பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

“விடுங்கம்மா... பாவம், சின்னக் குழந்தை” என்றேன்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. சலிப்பு. “உங்களுக்கு இன்னாம்மா தெரியும்? எங்க வூட்ல வந்து ஒருநாள் இருந்து பாருங்க, அப்போ தெரியும்.”

எனக்கு இன்னா தெரியும்?

அதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். “ஜெனி... உன் கதையை இந்த வாரப் பத்தியில எழுதட்டுமா?”

பத்தொன்பது வயசு ஜெனி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எழுதிக்கோம்மா. ஆனா நீ அடிச்சதையும் சேத்து எழுது.”

சரி. எழுதுகிறேன்.

ஜெனி ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வேன் வந்து அழைத்துப்போகிற ஓர் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் படித்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு தடவை கேட்ட கதையை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். ஆனால் நோட்டுப் புத்தகம்? திறந்தாலே சிவப்பு மை. “ந” இருக்கவேண்டிய இடத்தில் “த”. இங்கிலீஷில் “b” எல்லாம் “d”. “பல்” என்று எழுதச் சொன்னால் “லப்” என்று எழுதுவாள்.

நான் என்ன செய்தேன்?

நீங்கள் எல்லாம் ‘நிதானமான அம்மா’ என்று நினைத்துக்கொண்டிருக்கிற நான்... அடித்தேன். மரஸ்கேலால். உள்ளங்கையில். “ஒரே எழுத்தை நூறு தடவை எழுதினா வராதா? சோம்பேறி... சோம்பேறி!”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளிடம் வாசிப்பு ஆசையை வளர்ப்பது எப்படி என்று அந்த வருஷம்தான் இதே பத்தியில் எழுதினேன். அருமை, அற்புதம் என்று எத்தனை கடிதங்கள்! அதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ஜெனி வீங்கிய கையோடு உட்கார்ந்திருந்தாள். எழுதுகிறவளுக்கும் எழுதினதுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுண்ணாம்பு அடித்த நிஜச் சுவர்.

இரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஸ்கூலில் கூப்பிட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். “ஸ்லோ லேர்னர் மேடம். எங்க ஸ்பீடுக்கு அவளால வர முடியல. வேற ஸ்கூல்ல சேர்த்தா அவளுக்குத்தான் நல்லது.” சொல்லி முடிப்பதற்குள் டி.சி. தயாராக இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் நல்ல ஸ்பீடு!

சிங்கவரம் போகிற வழியில் ஒரு சின்ன அரசுப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். டீச்சர் பேர் பரிமளா. நாற்பது வயசு இருக்கும். குள்ளமான உருவம், பெரிய குரல். பனமலையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவார்.

சேர்த்து ஒரு மாசம் இருக்கும். எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் தமிழ்ப் பாடத்தை ஜெனி கடகடவென்று வாசிக்க ஆரம்பித்திருந்தாள். தினமும் சாயங்காலம் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள். “அம்மா, நீ ஒரு தடவை படிச்சுக் காட்டேன்.” நான் படிப்பேன். மறுநாள் அவள் படிப்பாள். தாய்மொழி என்றால் சும்மாவா என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் ஸ்கூட்டி சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றியபடி பரிமளா டீச்சர்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பத்தியைப் படித்துவிட்டுப் பாராட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு வேறு என்ன நினைப்பு வரும்?

என் கணவர் அருள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சருக்கு காபி கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஜெனி எங்கே என்று கேட்டு, மாடியில் விளையாடுகிறாள் என்று உறுதி செய்துகொண்டார்.

“ஜெனி அம்மா, ஒரு விஷயம் சொல்றேன். கோவப்படக் கூடாது.”

“சொல்லுங்க டீச்சர்.”

“ஜெனிக்கு வாசிக்கத் தெரியல.”

நான் சிரித்துவிட்டேன். “டீச்சர்... நேத்து குருவிப் பாடத்தை அப்படியே படிச்சாளே!”

“எங்கிட்டயும் படிச்சா. ஒரு எழுத்து தப்பு இல்ல. க்ளாஸுல சுத்தி வந்தவ சும்மா அவ பின்னாடி போய் நின்னேன். வாய் குருவியைப் படிக்குது... புத்தகத்துல இருந்தது டிராஃபிக் சிக்னல் பாடம்.”

என் சிரிப்பு அப்படியே நின்றது.

“நீங்க இன்னா செஞ்சீங்க?”

“பக்கத்தைத் திருப்பி குருவிப் பாடத்தை எடுத்து வெச்சேன். ‘நல்லா சொன்ன, உக்காரு’ன்னேன். பசங்க யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்னு ஜெனிக்குத் தெரியும். அன்னிக்கு முழுக்க எம் மூஞ்சையே பாத்துக்கினு இருந்துச்சு.”

எனக்குக் குப்பென்று ஏறியது. அவமானம் என்றால் முதலில் கோபமாகத்தானே வரும்? “என் பொண்ணு மக்குன்னு சொல்றீங்களா?”

“மக்கா?” டீச்சரின் குரல் உயர்ந்தது. “ஒரு தடவை காதுல கேட்டதை எழுத்து மாறாம சொல்லுது. அதைவிட கெட்டிக்காரப் புள்ள எங்க ஸ்கூல்லயே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல பெத்தவங்க, டீச்சருங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்குது. அது ஏமாத்து இல்லம்மா... பயம். ஒவ்வொரு நாளும் ‘எழுந்து படி’ன்னு யாராவது சொல்லும்போது, அது வயித்துக்குள்ள இன்னா ஓடியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.”

நான் யோசிக்கவில்லை. அழுதேன்.

டீச்சர் கிளம்பும்போது குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னார். “இனிமே அடிக்க வேணாம்.”

“யார் சொன்னாங்க? ஜெனியா?”

“அது ஒண்ணும் சொல்லல. கரும்பலகையில கோடு போட ஸ்கேலை எடுத்தேன். கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிச்சு.”

இத்தனை வருஷமாக எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் எதுவும் நிற்காது.

அவர் போனதும் திரும்பிப் பார்த்தால்... அருளின் தட்டில் இட்லி பாதி அப்படியே இருக்கிறது. மனுஷர் கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கிறார்.

அருளுக்கு மோட்டார் ரிவைண்டிங் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் இவரிடம்தான் வரும். பிரித்துப் போட்ட மோட்டாரை எந்தக் குறிப்பும் இல்லாமல் கையாலேயே மறுபடியும் கட்டிவிடுவார்.

“இன்னாங்க... நீங்களாவது ஏதாவது சொல்லுங்க.”

கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி மாட்டினார். அப்புறம் சொன்னார்.

“எனக்கும் அப்டிதான்.”

“எப்படி?”

“எழுத்து ஆடும். எட்டாவதோட ஏன் நின்னேன்னு நெனச்சே? வாத்தியாருங்க அடிச்ச அடில எங்க நைனாவே ‘போதும்டா, கடைக்கு வா’ன்னுட்டாரு.”

பன்னிரண்டு வருஷக் குடித்தனம்!

“அப்போ... என் பத்தி?”

தலையைக் குனிந்துகொண்டார். “படிச்சதில்ல.”

“வாரா வாரம் ‘நல்லா இருக்குது’ன்னு சொல்வீங்களே!”

“உம் மூஞ்சைப் பாத்து சொல்வேன். நீ சிரிச்சுக்கினு குடுத்தா நல்லா இருக்குது. சிடுசிடுன்னு குடுத்தா ‘கொஞ்சம் நீளமா இருக்குது’.”

சொன்னால் நம்பமாட்டீர்கள்... அவருடைய விமர்சனம் எல்லாமே சரியாகத்தான் இருந்தது!

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒரு டீச்சர் ஊடு தேடி வர்ல. எம் பொண்ணுக்கு வந்துட்டாங்க. அந்தம்மா சொல்றதைக் கேளு. போதும்.”

கேட்டேன். டீச்சர் சொன்னபடி புதுச்சேரியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அரை நாள் ஜெனியை விதவிதமாகச் சோதித்துவிட்டு அதற்கு ஒரு பேர் சொன்னார். டிஸ்லெக்சியா. நோய் இல்லை, மாத்திரையும் இல்லை. புத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்தையும் சத்தத்தையும் சேர்த்துப் பிடிப்பதில் மட்டும் சிரமம். பழக்கினால் வரும். ஆனால் மெதுவாக வரும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெனி என் புடவையை இழுத்தாள். “அம்மா... அப்போ நான் சோம்பேறி இல்லியா?”

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட நல்ல சேதி அதற்கு முன்னால் வந்ததில்லை.

அப்புறம் பரிமளா டீச்சரின் வைத்தியம் ஆரம்பமானது.

ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்புவார். அதில் ஒரே ஓர் எழுத்து. ஜெனி விரலால் பெரிதாக எழுதவேண்டும், எழுதும்போதே சத்தமாகச் சொல்லவேண்டும். தப்பா? தாம்பாளத்தை ஒரு குலுக்கு. அழிந்துவிடும். சிவப்பு மை கிடையாது, பெருக்கல் குறி கிடையாது. ரவைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது பாருங்கள்... அதுதான் அதில் இருக்கிற சௌகரியம்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை எடுத்து நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் மற்ற வரிகள் எல்லாம் மறைந்துவிடும். “ஒரே கூட்டமா வந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது? ஒவ்வொருத்தரா வரச் சொல்லு” என்பார்.

வகுப்புக்கும் ஒரு சட்டம். யார் வாசித்தாலும், எவ்வளவு நேரமானாலும், மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது. இது ஜெனிக்காகப் போட்ட சட்டம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாருக்குமான சட்டம்.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று நினைக்காதீர்கள். ஒருநாள் “கெ” வந்தது. ஜெனி தாம்பாளத்தைத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ரவை தரையெல்லாம் கொட்டியது.

“இது ஏமாத்துது டீச்சர்.”

“எது?”

“கொம்பு முன்னாடி நிக்குது. ஆனா சத்தம் பின்னாடி வருது. முன்னாடி நிக்குறது முன்னாடிதானே வரணும்?”

நீங்களும் நானும் இத்தனை வருஷமாகத் தமிழ் வாசிக்கிறோம். இது ஒருநாளாவது நமக்குத் தோன்றியிருக்கிறதா? “கெ” என்று எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். சொல்லும்போது க் முதலில் வருகிறது, எ அப்புறம். குழந்தை கேட்டது நியாயம்தானே?

வேறு யாராவதாக இருந்தால் “சொன்னதைச் செய்” என்றிருப்பார்கள். நானாக இருந்தால்... வேண்டாம்.

பரிமளா டீச்சர் ரவையைக் கூட்டி அள்ளிக்கொண்டே யோசித்தாராம். “ஆமாண்டி! பதினெட்டு வருஷமா டீச்சர் வேலை பாக்கறேன். யாரும் இதக் கேட்டதில்ல. எனக்கும் தெரியல ஜெனி. கொம்பு கொஞ்சம் அவசரக்குடுக்கை போல. முன்னாடி போய் நின்னுக்குது, ஆனா அதுக்கு முறை வர வரைக்கும் பேச முடியாது.”

அன்று சாயங்காலம் ஜெனி வீட்டுக்குள் ஓடிவந்தாள். “அம்மா! டீச்சருக்கே தெரியாத கேள்வி கேட்டுட்டேன்!” அவள் முகத்தில் இருந்ததற்கு என்ன பேர் சொல்வது? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகளின் முகத்தில் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான்காம் வகுப்பில் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். தினமும் கண்ணில் படுகிற மலைதான். இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏறுவதென்றால் கொண்டாட்டம். துணைக்கு நானும் போனேன். பாதி வழியிலேயே ஒரு குரங்கு என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தக்காளி சாதம். திறக்கவும் தெரிந்திருந்தது அதற்கு!

நெற்களஞ்சியத்தின் நிழலில் எல்லாரும் உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னார். “எனக்கு மூச்சு வாங்குது. கோட்டைக் கதையை இன்னிக்கு ஜெனி சொல்லுவா.”

முந்தின நாள் வகுப்பில் டீச்சர் வாசித்ததை ஒரே தடவைதான் கேட்டிருந்தாள். எழுந்து நின்று ஆரம்பித்தாள் பாருங்கள்... அகழி எங்கே, நெல்லை எப்படிச் சேர்த்துவைத்தார்கள், மலை மேலே தண்ணீர் எப்படிக் கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டீச்சரிடம் “இந்தப் பாப்பாதான் உங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டா?” என்றார்.

“ஆமா சார்” என்றார் டீச்சர், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

அன்று வீட்டில் ஜெனி ஐந்து தோசை சாப்பிட்டாள்.

ஆனால் அடுத்த வருஷம் ஒரு சோதனை வந்தது.

ஐந்தாம் வகுப்பு. நான் அப்போது பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவில் இருந்தேன். ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பின் பின்பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேர் தெரியாத அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அவசரத்தில் இருந்தார். அன்றைக்கே இன்னும் மூன்று பள்ளிக்கூடங்கள் பார்க்கவேண்டும் போல.

அவர் விரல் நேராக ஜெனி மேல் போய் நின்றது. “நீ... எழுந்திரு. இதைப் படி.”

கொண்டுவந்த வேறு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஜெனி காதால் கேட்டே இராத பக்கம்.

எனக்கு எழுந்து போய் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

ஜெனி எழுந்தாள். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது.

“என்ன டீச்சர் இது? அஞ்சாவது படிக்கிற பொண்ணுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியலையா? இத்தனை வருஷமா என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?”

பரிமளா டீச்சர் முகம் சிவந்துவிட்டது. அதிகாரி தன் நோட்டில் எதையாவது எழுதினால் டீச்சர் பாடு திண்டாட்டம். “சார், இவளுக்கு ஒரு பிரச்னை இருக்கு” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். புதுச்சேரி டாக்டர் கொடுத்த சர்ட்டிஃபிகேட்கூட வகுப்பு பீரோவில்தான் இருந்தது. நாற்பது பிள்ளைகள் முன்னால் அதை எடுத்து நீட்டினால் டீச்சர் தப்பிப்பார். ஜெனி?

அவர் அதிகாரியிடம் பேசவே இல்லை. ஜெனியைப் பார்த்தார். “படிக்கிறியா? வேணாமா? உன் இஷ்டம்தான்.”

ஜெனி பைக்குள் கையை விட்டாள். கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்தாள். பக்கத்தின் மேல் வைத்தாள். விரலை ஊன்றினாள்.

“நேரம் ஆகும் சார்” என்றார் டீச்சர். “நீங்க உக்காருங்க.”

‘ம... ழை... மழை... நி... நின்...’

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. பாறையில் கால் வைத்து ஏறுகிற மாதிரி. ஓர் இடத்தில் சறுக்கும், மறுபடி கீழிருந்து ஏறுவாள். வகுப்பில் ஒரு பிள்ளை அசையவில்லை. ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள். முன்வரிசையில் ஒரு பெண் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்துவிட்டு, சட்டம் ஞாபகம் வந்து தானே கையால் பொத்திக்கொண்டாள். ஜெனியின் நெற்றியில் வேர்வை. அவள் ஒரு கையால் பாவாடையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் ஒரு சத்தமில்லாமல் ஒருத்திக்காகக் காத்திருப்பதை அவர் வேறு எங்கும் பார்த்திருக்கமாட்டார். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நான்கு வரிகள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்... ஆறு நிமிஷம்.

கடைசிச் சொல்லை முடித்ததும் ஜெனி புத்தகத்தை மூடவில்லை. “சார், அடுத்த பேரா படிக்கட்டுமா?” என்றாள்.

“வேணாம்மா... வேணாம்” என்று அவசரமாகச் சொன்ன அதிகாரி சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. ஜெனியும். போகும்போது டீச்சரிடம் அந்த அட்டையைக் காட்டிக் கேட்டார். “இது எங்க கிடைக்குது?”

“யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டா குடுப்பாங்க சார்.”

நோட்டில் அவர் மோசமாக எதுவும் எழுதவில்லை.

எல்லாரும் போன பிறகு வராந்தாவில் பரிமளா டீச்சரைப் பார்த்தேன். தூணில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பெரிய குரல்காரர் சத்தமே வராமல் அழுதார். பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

அதற்கப்புறம் ஜெனி பெரிய பள்ளிக்கூடம் போனாள். அங்கே எல்லா டீச்சர்களும் பரிமளாவாக இருந்துவிடுவார்களா என்ன? திட்டினவர்கள் உண்டு, கண்டுகொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் ஜெனி மாறியிருந்தாள். வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே எழுந்து நின்று, “மிஸ், எனக்கு வாசிக்க நேரமாகும். கேட்டா சீக்கிரம் புரியும்” என்று அவளே சொல்லிவிடுவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கிடைத்தார். கூடுதல் நேரமும் கிடைத்தது. அதற்கு வேண்டிய அரசுச் சான்றிதழுக்காக விழுப்புரத்துக்கு எத்தனை நடை நடந்தோம் என்பது தனிக் கதை.

இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். பாடங்களை போனில் கேட்டுத்தான் படிக்கிறாள். போதாக்குறைக்கு ஊரிலேயே பிரபலமான குரல் அவளுடையது! ஜவுளிக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டு மைக் கட்டின ஆட்டோ போகும் இல்லையா... அந்தக் குரல் ஜெனியுடையது. எழுதினதை நான் ஒரு தடவை வாசித்துக் காட்டுவேன். அவ்வளவுதான், ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுவாள். “பேப்பரே பாக்காம எப்புடிம்மா பேசுது இந்தப் பொண்ணு!” என்று ரெக்கார்டிங் பண்ணுகிறவர் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுகிறார்.

அருள்? வாரா வாரம் இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். விமர்சனம் இப்போதெல்லாம் கொஞ்சம் கடுமை. வாசிக்காத காலத்தில் நல்ல வாசகராக இருந்தார் மனுஷர்.

பரிமளா டீச்சர் இப்போது சொந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். பஸ் விஷயத்தை அவரிடம் போனில் சொன்னேன். “நாளைக்கு ஜெனியைக் கூட்டிக்கினு வாங்க” என்றார். காரணம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பனமலைக்குப் போனோம். மதிய இடைவேளை. வேப்பமரத்தடியில் ஒரு குட்டிப் பெண், தாம்பாளமும் ரவையுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் உர்ரென்று இருந்தது. பேர் கீர்த்தனா, மூன்றாம் வகுப்பு. டீச்சர் எங்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஜெனியை மட்டும் அனுப்பினார்.

ஜெனி போய்ப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இன்னா எழுத்து இது?”

“தெர்ல. ஆடுது.”

“எனக்கும் ஆடும்.”

கீர்த்தனா நிமிர்ந்து பார்த்தாள். சந்தேகமாக. “பொய் சொல்ற. நீ பெரிய அக்கா.”

“நெஜமா. இப்பவும் ஆடும்.”

“இப்பவுமா?”

“இப்பவும்தான்.”

அந்தக் குழந்தை ஜெனியின் காலேஜ் பையைப் பார்த்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் பெரிய கவலையோடு கேட்டது.

“அப்போ நீ எப்புடிக்கா காலேஜுக்குப் போற?”

“பஸ்ல” என்றாள் ஜெனி.